பிடிக்காத அமானுஷ்ய கிறிஸ்தவ த்ரில்லர்: முடிப்பதா, தாவுவதா, மூடிவைப்பதா?

பாதி படித்த நாவல் பிடிக்காமல் போவது எந்த வாசகருக்கும் நேர்வதுதான். ஆனால் அது அமானுஷ்ய கிறிஸ்தவ த்ரில்லராக இருக்கும்போது மூடிவைப்பது அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. பல நேரங்களில் அந்தப் புத்தகம், "இது என்னை மிகவும் அசைத்துவிட்டது, நீங்களும் படியுங்கள்" என்று சொல்லி நெருங்கிய ஒருவர் கொடுத்ததாக இருக்கும். அதைப் பாதியில் நிறுத்துவது கொடுத்தவரின் விசுவாசத்தையே மறுப்பது போலத் தோன்றும். இன்னொரு பக்கம், நாவல் பிடிக்காவிட்டாலும் கதை முடிச்சு விடாது. காணாமல் போன பெண் என்னவானாள், போதகரின் வீட்டில் இரவில் கேட்கும் குரல் யாருடையது என்ற கேள்விகள் வாசகரை இழுத்துக்கொண்டே இருக்கும். படிக்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை என்ற இந்த நிலையில் இருப்பவர்களுக்கு உள்ள வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முடிவை எடுக்கும்போது பெரும்பாலோர் எத்தனை பக்கம் மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, அந்த நாவலில் எது பிடிக்கவில்லை என்பதை. நடை பிடிக்காமல் போவதும், இந்த வகை நாவலின் மரபு பிடிக்காமல் போவதும், அதன் இறையியல் பிடிக்காமல் போவதும் வெவ்வேறு காரியங்கள். மூன்றுக்கும் ஒரே தீர்வு பொருந்தாது.

## முதலில் அளவுகோல்கள்

எது பிடிக்கவில்லை? நடைக் குறை என்றால், பாத்திரங்கள் பேசத் தொடங்கியதும் உரையாடல் பிரசங்கமாக மாறிவிடுவது, நல்லவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவது, தீயவருக்குத் தீமை செய்ய எந்தக் காரணமும் இல்லாதிருப்பது போன்றவை. இத்தகைய குறைகள் முதல் 50 பக்கங்களிலேயே தெரிந்துவிடும். பின்னால் அவை தாமாகச் சரியாவது அரிது.

மரபு பிடிக்காமல் போவது வேறு. இந்த வகைக்கு இன்றைய வடிவத்தைத் தந்ததாகப் பரவலாகக் கருதப்படுவது ஃபிராங்க் பெரெட்டி 1986-இல் வெளியிட்ட நாவல். ஒரு சிறு நகரத்தில் மனிதர்களின் கதை தரையில் நடக்க, அதே நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத தளத்தில் தேவதூதர்களும் அசுத்த ஆவிகளும் போரிடுவார்கள். விசுவாசிகள் ஜெபிக்கும் அளவுக்குத் தூதர்களின் பலம் கூடும். எபேசியர் 6:12-இல் வரும், நமது போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்ற வசனத்தைக் கதையாக்கியதே அந்த அமைப்பு. அதன் பின் வந்த பல நாவல்கள் இதையே பின்பற்றின. அத்துடன், கிறிஸ்தவப் பதிப்பகங்கள் பல வசைச்சொற்களையும் பாலியல் காட்சிகளையும் தவிர்க்கச் சொல்வதால், கொடூரமான கொலைகாரனும் நாகரிகமாகவே பேசுவான். கதையின் திருப்புமுனையில் ஒருவர் மனந்திரும்புவார். வழக்கமான திகில் நாவலை எதிர்பார்த்து எடுத்தவருக்கு இவை குறைகளாகப் படும். அவை அந்த வகையின் இலக்கணம். வெண்பாவில் அடி குறைவு என்று குறைப்படுவதில் பயனில்லை அல்லவா?

மூன்றாவது, இறையியல். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு மனச்சோர்வுக்கும் பின்னால் ஒரு பிசாசு இருப்பதாகக் காட்டுவது, தியானம் போன்ற பயிற்சிகளைத் தீய ஆவிக்குத் திறந்துவிட்ட கதவாகச் சித்திரிப்பது, வேறு நம்பிக்கை உடையவர்களைச் சதிகாரர்களாக நிறுத்துவது ஆகியவை இந்த வகை நாவல்களில் வருவதுண்டு. இவை கிறிஸ்தவ வாசகரையும் உறுத்தலாம், மற்ற வாசகரையும் புண்படுத்தலாம். வீட்டில் மனநோயோடு ஒருவரைப் பராமரிப்பவர், அந்த நோயை ஆவி பிடித்ததாகக் காட்டும் அத்தியாயத்தைச் "சும்மா கதைதானே" என்று கடந்துபோக முடியாது. அவரிடம் அப்படிச் சொல்வதும் நியாயமில்லை.

முடிவில் எவ்வளவு சுமை இருக்கிறது? சில நாவல்களில் முடிவு வெறும் நிறைவு. இந்த வகையிலோ நாவலின் வாதமே முடிவில்தான் முழுமை பெறுகிறது. கடவுள் துன்பத்தை ஏன் அனுமதித்தார் என்று 300 பக்கம் கேட்ட நாவல் கடைசியில் தரும் பதிலைப் பார்க்காமல் அதன் இறையியலைக் குறை சொல்வது, வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுவதாகும்.

நேரம். மார்க் பிரிஸ்பார்ட் 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, ஆங்கிலப் புனைவை மௌனமாகப் படிக்கும் வளர்ந்தவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 260 சொற்கள். 90,000 சொற்கள் கொண்ட நாவலில் பாதி மிச்சமென்றால் ஏறத்தாழ 3 மணி நேரம். பிடிக்காத புத்தகத்தில் கவனம் சிதறி ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் இது நிச்சயம் கூடும்.

மனநிலை. பேயோட்டும் காட்சிகளும் பிசாசின் குரலும் சிலருக்கு உறக்கத்தைக் கெடுக்கும். கற்பனை என்று அறிவுக்குத் தெரிந்தாலும், அத்தகைய உலகத்தை உண்மை என்று நம்பும் வாசகருக்கு அந்த அச்சம் வெறும் கதை அச்சமாக நிற்பதில்லை.

யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? வாசிப்புக் குழு, விமர்சனம் எழுதுவதாகக் கொடுத்த வாக்கு, புத்தகத்தைக் கொடுத்த நண்பர் என யாரேனும் காத்திருக்கிறார்களா என்பதைப் பார்க்க வேண்டும்.

அளவுகோலாக இருக்கக் கூடாத ஒன்றும் உண்டு: ஏற்கெனவே செலவழித்த பணமும் நேரமும். ஹால் ஆர்க்ஸும் கேதரின் புளூமரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாடகப் பருவத்துக்கான சீட்டுகளைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். யாருக்கு எந்த விலை என்பது தற்செயலாகவே அமைந்தது. ஆயினும் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்குப் போனார்கள். கொடுத்த காசுக்காகப் போவதும், இதுவரை படித்த 200 பக்கங்களுக்காக இன்னும் 200 பக்கம் படிப்பதும் ஒரே மனக்கணக்குதான். படித்த பக்கங்கள் எந்த முடிவை எடுத்தாலும் திரும்பி வரப்போவதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது சிறந்தது | மறைவான செலவு | பாதி மிச்சமென்றால் ஆகும் நேரம் |
|---|---|---|---|
| முழுதும் படிப்பது | விமர்சனமோ விவாதமோ காத்திருக்கும்போது | எரிச்சல், அடுத்த புத்தகத்தின் மீதும் வெறுப்பு | 3 மணி நேரமும் அதற்கு மேலும் |
| தாவிப் படிப்பது | மரபு மட்டும் பிடிக்காதபோது | துப்புகள் தவறிப்போவது | 1 மணி நேரம் அளவில் |
| முடிவை மட்டும் படிப்பது | இறையியல் உறுத்தும்போது, அச்சம் நிற்காதபோது | மாற்றத்தின் காரணம் தெரியாமல் போவது | அரை மணி நேரம் அளவில் |
| ஒலிநூலாகக் கேட்பது | கை வேலை செய்யும் நேரத்தில் | பக்கத்தைப் பார்த்துத் தாவ முடியாது | 5 மணி நேரம் அளவில் |
| ஒத்திவைப்பது | புத்தகம் அல்ல, வேளை சரியில்லாதபோது | பெயர்களும் முடிச்சுகளும் மறந்துபோவது | இப்போதைக்கு இல்லை |
| கைவிடுவது | நடையே பிடிக்காதபோது, மனம் புண்படும்போது | நியாயமாகக் கருத்துச் சொல்லும் உரிமை குறைவது | இல்லை |

## முழுதும் படித்து முடிப்பது

பொதுவெளியில் இந்த நாவலைப் பற்றிப் பேசவோ எழுதவோ போகிறீர்கள் என்றால் இதைவிட நேர்மையான வழி இல்லை. இறையியல் சார்ந்த குறை சொல்பவருக்கு இது இன்னும் கட்டாயமாகிறது. நடுவில் ஒரு பாத்திரம் சொல்லும் கடுமையான தீர்ப்பை ஆசிரியரே பின்னால் உடைத்திருக்கலாம். சபை ஊழியர் ஒருவரின் அகந்தை 15-ஆம் அத்தியாயம்வரை பக்தியாகவே காட்டப்பட்டு, 30-ஆம் அத்தியாயத்தில் தோலுரிக்கப்படலாம். எழுத்துப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் இது பயன் தரும். ஒரு காட்சி எந்த வரியில் நம்பிக்கையை இழக்கிறது என்பதைப் பிடிக்காத நாவலில் பென்சிலும் கையுமாகக் கண்டுபிடிப்பது, பிடித்த நாவலை வியந்து படிப்பதைவிட அதிகம் கற்றுத்தரும்.

ஆனால் இதன் செலவு அந்த 3 மணி நேரத்தோடு முடிவதில்லை. கடமைக்காகப் படிக்கும்போது நாளொன்றுக்குப் பத்துப் பக்கம்கூட நகராது. அதுவரை வேறு புத்தகத்தையும் எடுக்க மாட்டோம். இப்படி ஒரு நாவல் வாசிப்பையே வாரக்கணக்கில் நிறுத்திவிடும். மற்றொரு செலவு எரிச்சல். கடைசிப் பக்கங்களை அடையும்போது, தொடக்கத்தில் நன்றாக இருந்த காட்சிகள்கூட நினைவில் கசந்துவிடும்.

தொடர் நாவலின் முதல் பாகமாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. டிம் லாஹேயும் ஜெரி ஜென்கின்ஸும் 1995-இல் தொடங்கிய, இரகசிய வருகைக்கு, அதாவது விசுவாசிகள் திடீரென்று விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படுவதற்கு, பின்னான உலகைப் பற்றிய தொடர் 2007-இல் முடிவடைந்தபோது 16 பாகங்களாகியிருந்தது. அத்தகைய தொடரில் முதல் புத்தகத்தை முடிப்பது எதையும் முடிப்பதாகாது. பிடிக்காத நிலையில் அதன் கடைசிப் பக்கத்துக்கு உழைத்துச் சேர்ந்தால் கிடைப்பது அடுத்த பாகத்துக்கான அழைப்பு மட்டுமே.

## தாவிப் படிப்பது

நடை தாங்கக்கூடியதாக இருந்து, ஆவிக்குரிய யுத்தக் காட்சிகள்தான் சலிப்பூட்டுகின்றன என்றால் இதுவே என் முதல் பரிந்துரை. காரணம், இந்த வகையின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. இறுதியில் இறைவன் வெல்வார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், வானத்தில் நடக்கும் போரில் உண்மையான சந்தேகம் எதுவும் இல்லை. சந்தேகம் இருப்பதெல்லாம் மனிதர்களிடம்: யார் இணங்குவார், யார் எதிர்த்து நிற்பார், யார் மன்னிப்பார், யார் கடைசிவரை மன்னிக்க மறுப்பார்.

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். இரவு 11 மணி. மகன் இன்னும் வரவில்லை. தாய் அவனுக்காக எடுத்துவைத்த தட்டை மூடிவைத்துவிட்டு, நாற்காலியின் பக்கத்தில் முழங்கால் போடுகிறாள். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. அவன் பெயரை மட்டும் இரண்டு முறை சொல்கிறாள். அடுத்த பத்தியில் கூரைக்கு மேல் ஒளிரும் வாள்கள் மோதுகின்றன, கந்தக நாற்றம் பரவுகிறது, கருஞ்சிறகுகள் எரிந்து விழுகின்றன. அது நான்கு பக்கம் நீள்கிறது. தாவிப் படிப்பவர் தாயோடு இருந்துவிட்டு, நான்கு பக்கங்களைப் புரட்டி, கதவு தட்டப்படும் இடத்துக்கு வந்துசேரலாம். நாவலின் உயிர் இருந்த இடம் எதையும் அவர் இழக்கவில்லை.

செய்முறை எளிது. கதையில் உங்களுக்குச் சற்றேனும் அக்கறை உள்ள ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அவர் வரும் காட்சிகளை மட்டும் முழுதாகப் படியுங்கள்; மற்ற அத்தியாயங்களில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போதும். இதில் உள்ள ஆபத்து, த்ரில்லரின் துப்புகள் பெரும்பாலும் சாதாரணமாகத் தோன்றும் இடங்களில்தான் ஒளித்துவைக்கப்பட்டிருக்கும் என்பது. முடிச்சு அவிழும்போது "இவர் யார்?" என்று திகைக்க நேரிடலாம். புதிர்தான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால் தாவல் உங்களுக்கான வழி அல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் வெளியிட்ட நூலில் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிச் செல்லும் உரிமை அதில் இரண்டாவது, புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமை மூன்றாவது. ஆகவே தாவுவதைக் குற்றமாக நினைக்க வேண்டியதில்லை.

## முடிவை மட்டும் படிப்பது

கடைசி இரண்டு மூன்று அத்தியாயங்களை மட்டும் படிப்பதைப் பலர் ஏமாற்று வேலையாகக் கருதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஜொனாதன் லீவிட்டும் நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே அறிந்து படித்தவர்கள், அறியாமல் படித்தவர்களைவிட அவற்றைச் சற்று அதிகமாகவே ரசித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறாகவும் காட்டின. ஆனால் ஏற்கெனவே ரசிக்காத நாவலில், முடிவு தெரிந்துவிட்டால் இழப்பதற்கு என்ன இருக்கிறது?

இறையியல் உறுத்தியவர்கள் இந்த வழியில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தீமைக்குத் துணைபோன மனிதரை ஆசிரியர் கடைசியில் என்ன செய்கிறார்? அவரை வெறும் கருவியாக எரித்து முடிக்கிறாரா, அல்லது அவருக்கும் ஒரு கதவைத் திறந்து வைக்கிறாரா? அந்தப் பக்கங்களில் நாவலின் கடவுள் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும். அதைக் கண்டபின் உங்கள் எதிர்ப்பு உறுதிப்படலாம், தளரவும் செய்யலாம். எப்படியிருந்தாலும் அது நியாயமான எதிர்ப்பாக இருக்கும்.

அச்சத்தால் படிக்க முடியாமல் நிறுத்தியவர்களுக்கும் இதையே சொல்வேன். திகில் கதையை அதன் மிகக் கொடிய இடத்தில் மூடிவைத்தால், மனத்துக்குள் அந்தப் பிசாசு தோற்காமலேயே நின்றுவிடுகிறது. ஆசிரியர் அதைத் தோற்கடிக்கும் பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை படித்துவிடுவது, அல்லது படித்த ஒருவரிடம் முடிவைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வது, பாதியில் ஓடிவருவதைவிட நிம்மதி தரும்.

இந்த வழியின் குறை, மாற்றத்தைக் காண்போம், மாறிய பாதையைக் காணமாட்டோம் என்பதுதான். நடுவில் உள்ள 200 பக்கங்கள் இல்லாமல் எந்த மனந்திரும்புதலும் திடீரென்று ஒட்டவைத்ததாகத் தோன்றும். "முடிவு நம்பும்படி இல்லை" என்ற குறையை மட்டும் இப்படிப் படித்தவர் சொல்லக் கூடாது.

## கேட்பது, ஒத்திவைப்பது

ஒலிநூலில் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள்தான் வாசிக்கப்படும் என்பதால் பாதி நாவலுக்கு 5 மணி நேரம் தேவைப்படும். வேலையோடு வேலையாகக் கேட்பவருக்கு அது சுமையாகத் தெரியாது. நல்ல வாசிப்பாளர் கிடைத்தால் பிரசங்க உரையாடல்கள்கூடக் கேட்கும்படி ஆகிவிடும். ஆனால் சலிப்பான பகுதியைக் கண்ணால் கண்டு தாண்டும் வசதி இதில் இல்லை, பிசாசின் குரலை நடிகர் நேராகக் காதுக்குள் பேசுவார் என்பதையும் மறக்கக் கூடாது. அச்சத்தால் நிறுத்தியவர்களுக்கு இது ஒத்துவராது.

ஒத்திவைப்பதற்கு ஒரே நியாயம்தான் உண்டு: வேளை சரியில்லை. வீட்டில் அண்மையில் மரணம் நிகழ்ந்திருக்கலாம், விசுவாசமே ஆட்டங்கண்டிருக்கும் காலமாக இருக்கலாம். அப்போது இதுவரை படித்த கதையை முன் அட்டையின் உட்பக்கத்தில் நான்கு வரியில் குறித்துவைத்துவிட்டு மூடுங்கள். நடை பிடிக்காத புத்தகத்தை ஒத்திவைப்பது, கைவிடுவதைத் தாமதமாகச் செய்வது மட்டுமே.

## கைவிடுவது

நடையே சகிக்கவில்லை என்றால் தயங்காமல் இதைச் செய்யலாம். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன விதி பலருக்குக் கைகொடுக்கும்: 50 பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லை என்றால் விடுங்கள், வயது 50-ஐத் தாண்டியிருந்தால் 100-இல் இருந்து வயதைக் கழித்து வரும் பக்கங்கள் போதும். 60 வயதுக்காரருக்கு 40 பக்கம். பொதுவான நாவலுக்கு இது நல்ல விதி. இந்த வகைக்கு நான் ஒரு திருத்தம் சேர்ப்பேன்: நடையைப் பற்றிய தீர்ப்புக்கு அந்த விதி போதும், இறையியலைப் பற்றிய தீர்ப்புக்குப் போதாது.

மனம் புண்படுகிறது என்றால் பக்கக் கணக்கே தேவையில்லை. உங்கள் நோயையோ, உங்கள் குடும்பத்தின் நம்பிக்கையையோ, நீங்கள் கடந்துவந்த ஒரு துயரத்தையோ பிசாசின் வேலையாகக் காட்டும் அத்தியாயத்தை மூன்றாம் பக்கத்திலேயே மூடலாம். அதற்கு யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

இதிலும் ஒரு செலவு உண்டு. பாதியில் விட்ட நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது, எந்த அத்தியாயம்வரை படித்தோம் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நட்சத்திர மதிப்பெண் கொடுக்கும் இடங்களில், முடிக்காத நாவலுக்கு மதிப்பெண் கொடுக்காமல் விடுவதே முறை. அந்த எழுத்தாளரும் தாம் நம்பும் ஒன்றை முழு மனத்தோடு எழுதியிருக்கிறார். பிடிக்கவில்லை என்பதை அந்த மதிப்போடு சொல்ல முடியும்.

## கொடுத்தவரிடம் என்ன சொல்வது

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கேள்வி மிச்சமிருக்கும். படிக்காததைப் படித்ததாகச் சொல்வது வேண்டாம். இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும், அதன்பின் அவர் உங்களிடம் எந்தப் புத்தகத்தையும் மனம் திறந்து கொடுக்க மாட்டார். "நல்லாயிருந்தது" என்று பொதுவாகச் சொல்லி நழுவுவதும் அவருக்குப் புரிந்துவிடும். எதுவரை படித்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்பதை உள்ளபடி சொல்லி, பிடித்த ஒரு காட்சி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அத்துடன், அவரை அசைத்த அத்தியாயம் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் தயங்காமல் ஒன்றைச் சொல்வார். ஒரு மருத்துவமனை வராந்தாவில் நடக்கும் உரையாடலாகவோ, தந்தையும் மகளும் சமாதானமாகும் இடமாகவோ அது இருக்கலாம். மற்ற அத்தியாயங்களை விட்டுவிட்டாலும் அந்த ஓர் அத்தியாயத்தைப் பொறுமையாக முழுதும் படித்துவிட்டு அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.